விஜயதசமிக்கு மறுநாள்

விஜயதசமியன்று காலையில் நம் கோயில்களில் காணும் காட்சி ஒன்று எனக்கு எப்போதும் பிடிக்கும். பட்டுப்பாவாடை கட்டிய சிறுமிகளும், வேட்டி இடுப்பில் நில்லாத சிறுவர்களும் பெற்றோர் மடியில் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். எதிரே தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பியிருக்கும். குருக்கள் குழந்தையின் சுட்டுவிரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ என்று எழுதவைப்பார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வார். அப்பா படம் எடுப்பார். கலைமகள் அருளால் ஏடு தொடங்கியாயிற்று.

மறுநாள் நாம் என்ன செய்கிறோம்? தேக்காவில் வாங்கிய எழுத்து அட்டவணை ஒன்றைச் சுவரில் ஒட்டுகிறோம். குழந்தை அதைப் பார்த்து ஒப்பித்துவிட்டால் படிக்கக் கற்றுக்கொண்டதாக மகிழ்ந்துவிடுகிறோம். நானும் அப்படி மகிழ்ந்தவள்தான். அது எவ்வளவு பெரிய தவறு என்பதை என் மகன் எனக்குக் கற்பித்தான். அதைத் திருத்திக்கொள்ள என் மகள் உதவினாள். அந்த அனுபவத்தை மற்றப் பெற்றோர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு சஷ்டி மாலை

என் மாமியாருக்குக் கண் அழுத்த நோய். பார்வை மங்கத் தொடங்கிய காலத்தில், சஷ்டிதோறும் தாம் படிக்கும் கந்த சஷ்டி கவசத்தைப் பேரன் படிக்கக் கேட்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். மகன் அப்போது தொடக்கநிலை இரண்டில் படித்துக்கொண்டிருந்தான். நான்கு வயதிலேயே உயிரெழுத்து, மெய்யெழுத்து, உயிர்மெய் என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தவன். “தம்பி, நீ படிய்யா, நான் கேக்குறேன்” என்று சொல்லி நூலை அவன் கையில் கொடுத்தார்.

அவன் முதல் சொல்லில் விரலை வைத்தான். ஒவ்வோர் எழுத்தாகப் பெயர் சொன்னான். ஐந்தாறு எழுத்துகளைச் சொல்லி முடித்ததும், “அது என்ன சொல்?” என்று கேட்டேன். தெரியவில்லை. மறுபடியும் எழுத்துகளைச் சொன்னான். அவன் குரல் கம்மிவிட்டது. அத்தை நூலை மெதுவாக வாங்கிக்கொண்டு, “பரவாயில்லய்யா, விளக்கப் பாத்துக் கும்பிட்டுக்க” என்றார். அன்று இரவு நான் ஒரு தாளில் ‘அம்மா’ என்று எழுதிக் காட்டினேன். “அ… இம்… மா. அயிம்மா” என்றான் என் மகன்.

பெயர் வேறு, ஒலி வேறு

அந்த ‘அயிம்மா’வில்தான் எல்லா விளக்கமும் அடங்கியிருக்கிறது. ‘ம்’ என்ற எழுத்தின் ஒலி, உதடுகளை மூடி முனகும் ஒலி மட்டுமே. அதைத் தனியே சொல்லச் சிரமம் என்பதால் முன்னால் ஓர் இகரத்தைச் சேர்த்து ‘இக், இங், இச்’ என்று சொல்லிக்கொடுக்கிறோம். திண்ணைப் பள்ளிக் காலத்தில் ‘ஆனா, ஆவன்னா, கானா’ என்று சொன்னார்கள். இவை எழுத்துகளின் பெயர்கள். பெயர்களைச் சேர்த்தால் சொல் வராது. ஒலிகளைச் சேர்த்தால்தான் சொல் வரும்.

ஆங்கிலத்திலும் இதே சிக்கல் உண்டு. ‘சீ, ஏ, டீ’ என்று மூன்று பெயர்களைச் சேர்த்துச் சொன்னால், பூனையைக் குறிக்கும் ‘கேட்’ வராது. அதனால்தான் எழுத்தின் பெயரை ஒதுக்கி ஒலியிலிருந்து தொடங்கும் ‘ஃபோனிக்ஸ்’ முறை அங்கு வந்தது. முழுச் சொல்லையும் படம்போல் மனத்தில் பதியவைப்பதா, ஒலிகளைக் கோத்துப் படிக்கவைப்பதா என்பது அம்மொழிக் கல்வியில் நெடுநாள் நடந்த வாக்குவாதம். 1955இல் ருடால்ஃப் ஃபிளெஷ் எழுதிய நூல் அதை அமெரிக்கப் பெற்றோர்களிடம் கொண்டுசென்றது. அந்நாட்டின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் வெளியிட்ட அறிக்கையும், இங்கிலாந்தில் ஜிம் ரோஸ் 2006இல் அளித்த அறிக்கையும், முறையாகச் சொல்லித்தரும் ஒலிப் பயிற்சியையே ஆதரித்தன.

ஆங்கிலத்தில் 26 எழுத்துகள் ஏறத்தாழ 44 ஒலிகளைச் சுமக்கின்றன. ஒரே எழுத்து இடத்துக்கிடம் மாறி ஒலிக்கும். நம் தமிழ் இந்த வகையில் எவ்வளவோ எளியது. ஆனாலும் ஆங்கில ஃபோனிக்ஸ் வகுப்புக்கு வெள்ளியை எண்ணிக் கொடுக்கும் நாம், தமிழுக்குச் சுவர் அட்டவணையோடு நின்றுவிடுகிறோம். எழுத்துகளின் ஒலி வாயில் எங்கே, எப்படிப் பிறக்கிறது என்பதற்குத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் ‘பிறப்பியல்’ என்று ஓர் இயலே வகுத்திருக்கிறார். ஒலியிலிருந்து தொடங்குவது நமக்குப் புதிதன்று.

247 என்னும் மலை

தமிழில் 247 எழுத்துகள் என்று சொன்னதும் பல இளம் பெற்றோர்கள் மலைத்துப்போகிறார்கள். உண்மையில் முதலெழுத்துகள் முப்பதுதான்: உயிர் 12, மெய் 18. மீதி 216 உயிர்மெய்களும் இவற்றின் சேர்க்கை. ஆய்தம் ஒன்று தனி. அகரத்துக்குக் குறி கிடையாது. மற்ற 11 உயிர்களுக்கும் ஆளுக்கொரு குறி, மெய்க்கு ஒரு புள்ளி. இவற்றைப் புரிந்துகொண்ட குழந்தைக்கு 216ஐயும் மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லை. ‘ங’ வரிசையில் அன்றாடம் கண்ணில் படுவது ‘ங்’ ஒன்றுதான். அதன் மற்றப் பன்னிரண்டு உறவினர்களையும் ஐந்து வயதில் அறிமுகப்படுத்த அவசரம் ஏதுமில்லை.

மகளுக்கு ஐந்து வயதானபோது அட்டவணையைக் கழற்றிவிட்டேன். நான் பின்பற்றிய முறையைக் கீழே தருகிறேன். இதற்குச் செலவு எதுவும் இல்லை. நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கம், ஒரு கத்தரிக்கோல், கொலுச் சுண்டலுக்கு வாங்கியதில் மீந்த ஒரு பிடி கொண்டைக்கடலை, இவையே என் பாடப்பொருள்கள்.

முதலில் காது, பிறகு கண்

எழுத்தைக் காட்டும் முன் சில வாரங்கள் காதுக்கு மட்டும் பயிற்சி. “மகாரத்தில் தொடங்கும் பொருள் என்னென்ன வீட்டில் இருக்கிறது?” என்று கேட்பேன். மேசை, மிளகாய், முருங்கைக்காய், மாமா என்று தேடிக்கொண்டுவருவாள். பிறகு ஒரு சொல்லை ஒலி ஒலியாக உடைப்போம். ‘படம்’ என்றால் ப, ட, ம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கடலையைத் தள்ளவேண்டும். கடலைகள் மூன்று, ஒலித்துண்டுகளும் மூன்று. சொல் என்பது துண்டுகளால் ஆனது என்பது பெரியவர்களுக்குச் சாதாரண விஷயம். குழந்தைக்கு அது ஒரு கண்டுபிடிப்பு.

தொடக்கம் ட, ப, ம

அகர வரிசைப்படி தொடங்கினால் குழந்தை முதலில் சந்திப்பது ‘அ’வும் ‘இ’யும். வளைவுகள் நிறைந்த கடினமான வடிவங்கள். அத்துடன், பன்னிரண்டு உயிர்களைக் கற்ற பின்னும் படிப்பதற்கு அதிகச் சொற்கள் கிடைக்காது. ட, ப, ம ஆகியவை பெரும்பாலும் நேர்க்கோடுகளால் அமைந்த எளிய வடிவங்கள். இவற்றோடு புள்ளியைச் சேர்த்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று முதல் வாரத்திலேயே நான்கு சொற்கள் கிடைத்துவிடும். ‘நான் படித்துவிட்டேன்’ என்ற மகிழ்ச்சியைவிடப் பெரிய ஆசிரியர் கிடையாது. விஜயதசமியன்று எழுதிய ‘அ’ கலைமகளுக்கு உரிய காணிக்கையாக இருக்கட்டும். பாடத்தில் அது சற்றுப் பொறுத்து வரலாம்.

புள்ளியை விளக்க, விரித்த கையை ‘ம’ என்றும், மூடிய கையை ‘ம்’ என்றும் காட்டினேன். புள்ளி வைத்தால் வாய் மூடிக்கொள்ளும். இதைச் சொல்லும்போது ‘இம்’ என்ற சொல் என் வாயில் வராமல் பார்த்துக்கொள்வதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

ஒலிகளைக் கோக்கும்போது இடையில் நிறுத்தக்கூடாது. ப… ட… ம் என்று விரல் நகர நகர இழுத்துச் சொல்லி, பிறகு விரைவாகச் சேர்க்கவேண்டும். ம், ல், ன், ர் போன்றவற்றை இழுத்துச் சொல்ல முடியும். ட், ப், க் போன்றவற்றை இழுக்க முடியாது. ஒரு கணம் மூச்சைத் தடுத்து நிறுத்தினால் போதும். அடுத்ததாக க, ர, ல, வ, ண சேர்ந்ததும் கல், பல், மரம், கடல், பணம், வட்டம், பக்கம் என்று சொற்கள் பெருகிவிடும்.

குறிகளின் குணங்கள்

பிறகு ‘அ’, ‘ஆ’, துணைக்கால். அம்மா, அப்பா, மாமா, பாப்பா ஆகியோர் இப்போதுதான் வருகிறார்கள். சிவப்புத் தாளில் ஒரு துணைக்காலை வெட்டி, எழுத்துக்குப் பக்கத்தில் வைத்தும் எடுத்தும் காட்டினேன். பல் பால் ஆகும், கல் கால் ஆகும், படம் பாடம் ஆகும். குறில் நெடில் வேறுபாட்டை இலக்கணமாகச் சொல்லாமல் விளையாட்டாகவே காட்டிவிடலாம். அடுத்து மேலே வளையும் குறிகள்: தம்பி, பாட்டி, மீன்.

குழந்தைகள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. முதலாவது உகரம். மற்றக் குறிகளில் பெரும்பாலானவை எல்லா எழுத்துக்கும் ஒரே வடிவில் வரும். உகரம் வேடம் மாற்றும். ஆனால் அந்த வேடங்கள் மூன்றுதான். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம். சு, பு, யு, வு, ஙு இன்னொன்று. து, நு, ணு, னு, லு, று, ஞு மூன்றாவது. குடும்பம் குடும்பமாகக் காட்டினால் குழப்பம் பெரிதும் குறையும்.

இரண்டாவது, எழுத்துக்கு முன்னால் நிற்கும் கொம்புகள். ‘கெ’ என்பதில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு. வாய்க்கு முதலில் வரவேண்டியது ககரம். இடமிருந்து வலம் ஒலிக்கப் பழகிய குழந்தை திகைப்பது இயல்பே. “இது முன்னால் நிற்கும், பின்னால் ஒலிக்கும்” என்று சொல்லி, கொம்பும் எழுத்தும் ஒட்டிய அட்டையாகவே கொடுத்தேன். ஒற்றைக்கொம்பு குறில், இரட்டைக்கொம்பு நெடில் என்பதற்கு கொடு, கோடு என்ற இணை போதும். எடு, ஏடு என்பதையும் அன்றே காட்டி, விஜயதசமியன்று தொடங்கிய ஏடு இதுதான் என்று சொன்னேன்.

வல்லினம் இடத்துக்கேற்ப ஒலிப்பதைப் பற்றியும் பெற்றோர்கள் கவலைப்படுகிறார்கள். ‘கல்’லில் வரும் ககரம் வேறு, ‘பகல்’, ‘தங்கம்’ ஆகியவற்றில் வரும் ககரம் வேறு. இதற்குத் தனிப் பாடம் தேவையில்லை. சொல்லை முன்பே காதால் அறிந்த குழந்தை எழுத்துகளைக் கோத்ததும் சரியான ஒலிக்குத் தானே வந்துவிடும். சொல்லை அறியாத குழந்தைதான் திணறும். இங்கேதான் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

பேச்சில்லாத படிப்பு

ஆறு மாதத்தில் மகள் நன்றாகப் படித்தாள். ஒருநாள் கதைப்புத்தகம் ஒன்றில் ‘கழனி’ என்ற சொல்லைத் தடங்கலின்றிப் படித்துவிட்டு, “கழனின்னா என்னம்மா?” என்று கேட்டாள். வயல் என்றேன். அதுவும் அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கத்தில் தெரியாத சொற்கள் இன்னும் ஏழு இருந்தன. அவள் ஒலியைப் படித்தாளே தவிரக் கதையைப் படிக்கவில்லை.

ஒலிவழிப் படிப்பு ஒரு திறவுகோல். அறைக்குள் பொருள் இருந்தால்தான் திறந்து பயன். அந்தப் பொருள் வீட்டுப் பேச்சிலிருந்து வரவேண்டும். வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலமே பேசுவதாகச் சொன்ன சிங்கப்பூர் இந்தியர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 41.6 விழுக்காடு, 2020இல் அது 59.2 விழுக்காடு. எங்கள் வீடும் ஏறத்தாழ அந்தக் கணக்கில்தான் இருந்தது. பாட்டியிடம் மட்டும் தமிழ், மற்ற நேரமெல்லாம் ஆங்கிலம். அன்று முதல் சமையலறையிலும் சாப்பாட்டு மேசையிலும் தமிழ் என்று முடிவுசெய்தோம். கடைப்பிடிப்பது எளிதாக இல்லை. என் கணவர் முதல் வாரத்தில் பாதி நேரம் மௌனமாகவே சாப்பிட்டார்!

பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் வேறுபடுவதையும் குழந்தைக்குச் சொல்லிவிடவேண்டும். ‘இருக்கிறது’ என்று அச்சில் இருப்பதை மகள் ‘இருக்கு’ என்று படிப்பாள். அது பிழையன்று; பொருள் புரிந்ததற்கு அடையாளம். “சரிதான், புத்தகத்தில் இப்படி நீட்டி எழுதுவார்கள்” என்று சொல்லி எழுத்துகளைக் காட்டினால் போதும். காகத்தின் படத்தைப் பார்த்துவிட்டுக் கீழே உள்ள சொல்லைப் பார்க்காமலே ‘காக்கா’ என்று சொல்வது மட்டும் வேறு வகை. அது படிப்பதன்று, ஊகிப்பது. அதனால் படத்தைக் கையால் மறைத்து, சொல்லைப் படித்த பின் திறந்து காட்டுவேன். படம் அவளுக்குப் பரிசாகிவிடும்.

பத்து நிமிடம் போதும்

மாலையில் சுவாமி விளக்கு ஏற்றியபின் பத்து நிமிடம். அதற்குமேல் வேண்டாம். அழுகை வந்தால் அன்றைய பாடம் முடிந்தது. நேற்றுப் படித்த ஐந்து சொற்கள், இன்று புதிதாக ஓர் எழுத்து, அதில் மூன்று சொற்கள், கடைசியில் நான் படிக்க அவள் கேட்கும் கதை ஒன்று. இதுதான் அட்டவணை. ல, ள, ழ வேறுபாடும் ர, ற வேறுபாடும் உடனே வராது. எழுத்துக்கூட்டும் நேரத்தில் உச்சரிப்பைத் திருத்தினால் இரண்டும் கெடும். திருத்தத்தைக் கதை நேரத்துக்கு ஒத்திவைக்கலாம். பல மாதங்கள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தும் எழுத்தும் ஒலியும் ஒட்டவேயில்லை என்றால், பிள்ளையைத் திட்டாமல் அதன் காதையும் கண்ணையும் பரிசோதித்து, ஆசிரியரிடமும் கலந்துபேசவேண்டும்.

வெளியே போகும்போதும் எழுத்துகள் காத்திருக்கின்றன. நம் பெருவிரைவு ரயில் நிலையங்களின் பெயர்ப் பலகைகளில் தமிழும் இருக்கிறது. ‘தோ பாயோ’ என்பதில் இரட்டைக்கொம்பும் துணைக்காலும் ஒருங்கே பயிற்சியாகிவிடும். கோயில் வாசலில் ‘மாரியம்மன்’ என்ற பெயரை மகள் தானே கூட்டிப் படித்த நாளில், பின்னால் நின்றவர்கள் வழிக்காகப் பொறுமையுடன் காத்திருந்தார்கள். அவர்களுக்கு இன்றும் என் நன்றி.

மீண்டும் ஒரு சஷ்டி

பாட்டியின் பழைய கவச நூலை மகளிடம் கொடுத்தபோது இன்னொன்று தெரிந்தது. அதில் ணை, லை, ளை, னை ஆகியவையும், ணா, றா, னா ஆகியவையும் பழைய வடிவில் அச்சாகியிருந்தன. இவற்றையும் இவற்றோடு சேர்ந்த ஒகர, ஓகார எழுத்துகளையும் சேர்த்து 13 எழுத்துகளின் வடிவத்தைத் தமிழக அரசு 1978இல் மாற்றியது. அதன்பின் வந்த புது வடிவத்தில் பழகும் பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டி வைத்திருக்கும் நூல்கள் புதிராகவே இருக்கும். அன்று என் மகன் திணறியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். புதிய பதிப்பு ஒன்று வாங்கிவந்தேன்.

அந்தச் சஷ்டியன்று மகள் படித்தாள். மெதுவாக, விரலை நகர்த்தி நகர்த்திப் படித்தாள். அத்தைக்கு அப்போது பார்வை அநேகமாக இல்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் தடுமாறிய இடங்களில் மட்டும் அடுத்த சொல்லை நினைவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முழுவதும் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று.

மகன் அப்போது தொடக்கநிலை ஐந்து. வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவன், இரவில் என்னிடம் வந்து, “அந்த அட்டையெல்லாம் எங்கம்மா வச்சிருக்கீங்க?” என்று கேட்டான். பெரிய பிள்ளைக்கு இது குழந்தை விளையாட்டாகத் தோன்றுமோ என்று அவனுக்காக நான் முயலாமலே இருந்துவிட்டேன். அவனிடமிருந்த ‘இம்’ஐ நீக்க மூன்று வாரம் ஆயிற்று. அவன் ஏற்கெனவே எல்லா எழுத்தையும் அறிந்தவன். கோக்கத் தெரியாமல்தான் இருந்தான். அவ்வளவு எளிய காரியத்தை மூன்றாண்டுகள் தள்ளிப்போட்டேனே என்று இன்றும் வருந்துகிறேன். அடுத்த சஷ்டியில் பாட்டிக்கு முதல் பாதியை அவன் படித்தான்.

அன்பான பெற்றோர்களே, அரிசியில் விரல் பிடித்து எழுதவைக்கும் அந்த ஒரு நாளை நம் கோயில்கள் சிறப்பாக நடத்தித் தருகின்றன. மற்ற 364 நாள்களும் நம் பொறுப்பு. நாளைக்குப் பத்து நிமிடம், வீட்டில் கொஞ்சம் தமிழ்ப் பேச்சு, எழுத்தின் பெயரை விட்டு ஒலியைப் பற்றிக்கொள்ளும் கவனம் ஆகியவை இருந்தால் போதும். உங்கள் இல்லத்துப் பிள்ளைகளும் தங்கள் தாத்தா பாட்டிக்குத் தமிழில் படித்துக்காட்டும் பேற்றைப் பெற கலைமகள் அருள்புரிவாளாக!